அவுட்ஸ்டாண்டிங்

அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் தலைசிறந்த என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தது. மேலதிகாரி ஆண்டுதோறும் எழுதும் பணி மதிப்பீட்டிலும் 'வெரி குட்'டுக்கு மேலே இருப்பது அதுதான். ஆனால் கடன் லெட்ஜரில் அதற்குப் பொருள் வேறு: இன்னும் கட்டப்படாமல் நிற்கிற தொகை.

பிசான நெல் அறுவடை நேரம். பயிர்க்கடன் வாங்கிய பெரியவர் ஒருவர் வங்கிக் கடிதத்தோடு வந்தார்.

"எம் பேத்தி ரேங்க் கார்டுல இதே வார்த்தைதான் சார் போட்டிருந்தாவ. ரொம்ப நல்லதுன்னு சொல்லுதா. பக்கத்து வயக்காரரு, ஜப்திக்கு வருவாவன்னு பயங்காட்டுதாரு. எது சார் நெசம்?"

கடிதத்தில் அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். "ரெண்டும் இல்ல அண்ணாச்சி. நீங்க வாங்கின கடன்ல இன்னும் நிக்கிற பணம் இவ்வளவு, அவ்வளவுதான். கெடுவுக்கு இன்னும் நாள் இருக்கு."

பேத்தி சொன்னதில் பிழையே கிடையாது. அவள் படித்த பொருள் அது. பக்கத்து வயல்காரர் குழப்பிக்கொண்டது 'ஓவர்டியூ'வோடு. கடன் கொடுத்த அன்றைக்கே முழுத் தொகையும் அவுட்ஸ்டாண்டிங்தான். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. கெடு தாண்டினால்தான் ஓவர்டியூ. நெல் போன்ற குறுகிய காலப் பயிர் என்றால், கெடு தாண்டியும் இரண்டு சாகுபடிப் பருவம் கட்டாமல் கிடந்தால்தான் அது வாராக்கடன். ஜப்திப் பேச்செல்லாம் அதற்கும் அப்புறம்.

ஆனால் பாராட்டு என்று நினைத்துப் பேசாமல் இருந்திருந்தால் அவருக்கு நட்டம். மத்திய அரசின் வட்டி மானியத் திட்டத்தில் 3 லட்சம் ரூபாய் வரையிலான பயிர்க்கடனுக்கு 7 சதவீத வட்டி. கெடுவுக்குள் கட்டினால் அது 4 சதவீதமாகக் குறையும். ஒரு சொல் புரியாததால் ஒரு விவசாயி அந்த 3 சதவீதத்தை இழப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

யோசித்தால் இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்றுதான். கூட்டத்திலிருந்து தனித்து நிற்பவர் சிறந்தவர். கைக்கு வராமல் வெளியே நிற்பது பாக்கி. நம் 'நிலுவை'யும் நிற்பதிலிருந்து வந்ததுதானே! 'பாக்கி நிக்கு' என்றால் இங்கே சின்னப் பிள்ளைக்கும் புரியும்.

அதனால் என் மேசையிலிருந்து போன கடிதங்களில் அந்த வரிக்குப் பக்கத்தில் 'நிலுவை' என்று பேனாவால் எழுதி, கெடு தேதியையும் போட்டே அனுப்பினேன். கடிதத்தையே தமிழில் அச்சிடச் சொல்லி மேலிடத்துக்கும் எழுதிக் கேட்டேன்.