கார்பரேட்டர்ல கை வைக்காத மாப்ள

இரண்டு சனி, இரண்டு ஞாயிறு, போதாதென்று ஒரு பேங்க் ஹாலிடே திங்கள். விரல் நீளம்கூட இல்லாத ஒரு வயர் துண்டுக்கு நான் கொடுத்த விலை இது. அந்த வயரை ஒரு காலி மிட்டாய் டப்பாவில் போட்டு கராஜ் அலமாரியில் வைத்திருக்கிறேன், தூக்கிப் போட மனசு வரவில்லை.

வண்டி 1970 மாடல் எம்.ஜி.பி ஜி.டி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில், கவன்ட்ரியில் எங்கள் வீட்டை ஒட்டியிருக்கும் கராஜ் அந்தக் காலத்து சின்ன கார்களுக்காகக் கட்டியது, இன்றைய காரை உள்ளே விட்டால் கதவைத் திறந்து இறங்க முடியாது, ஆனால் இது பொட்டி மாதிரி உட்கார்ந்துகொள்ளும், சுற்றி நடக்கவும் கொஞ்சம் இடம் மிஞ்சும். எம்.ஜி.பி-யை 1962-லிருந்து 1980 வரை ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே ஆபிங்டனில் செய்தார்கள், மொத்தம் ஐந்து லட்சத்துக்கும் மேல். முதலில் வந்தது கூரை இல்லாத ரோட்ஸ்டர். 1965-ல் கூரையும், பின்னால் தூக்கித் திறக்கும் கதவும் வைத்து ஜி.டி வந்தது, அந்தக் கூரைக்கு வடிவம் கொடுத்தது இத்தாலியின் பினின்ஃபரினா. எல்லாரும் ரோட்ஸ்டர்தான் வேண்டும் என்று அலைவதால் ஜி.டி கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். மழை பெய்யாத வாரமே இல்லாத ஊரில் கூரை இல்லாத காரை வாங்கி என்ன செய்வது என்பது என் கட்சி.

இதை வாங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் மாமா மதுரையில் முப்பது வருஷம் அம்பாசடர் டாக்ஸி ஓட்டியவர். பழைய பெட்ரோல் அம்பாசடரில் இருந்தது பி-சீரிஸ் இன்ஜின், 1489 சி.சி. அதே குடும்பத்து இன்ஜினை 1798 சி.சி-யாகப் பெருக்கி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்.யூ கார்பரேட்டர் இரண்டு மாட்டினால் அதுதான் எம்.ஜி.பி. முதல்தடவை பானட்டைத் தூக்கிப் பார்த்தபோது அந்த டேப்பட் கவரும், அதன் மேலிருந்த இரண்டு நட்டும் எனக்கு ஏற்கெனவே பழக்கமானவை. பள்ளி விடுமுறையில் மாமாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்ற இடம் அது. விற்றவர் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார், நான் கேட்கவே இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் மாசம் வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. நின்ற இடத்தில் ஐடிலிங் அழகாக இருக்கும். கிளம்பி, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்து முப்பது நாற்பது மைலில் போகும்போது திக்கும், இருமும், ஒரு தடவை சைலன்சரில் டப்பென்று வெடித்து, பஸ் ஸ்டாப்பில் நின்ற கிழவி என்னைத் திட்டினாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது, பெட்ரோல் போதவில்லை, கார்பரேட்டர்தான்.

அந்த எஸ்.யூ கார்பரேட்டர் இருக்கிறதே, அதைப் பார்த்தாலே யாருக்கும் கை அரிக்கும். மேலே மணி மாதிரி ஒரு கிண்ணம், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் கூராகச் சீவிய ஊசி, ஊசி இறங்கி நிற்பது ஒரு ஜெட்டுக்குள். இன்ஜின் காற்றை இழுக்க இழுக்க பிஸ்டன் மேலே ஏறும், கூடவே ஊசியும் ஏறும், ஊசி கூர்மையாகப் போவதால் ஜெட்டில் இடைவெளி கூடி பெட்ரோல் கூடும். அவ்வளவுதான். இதைக் கண்டுபிடித்த ஸ்கின்னர் குடும்பம் செருப்பு வியாபாரம் செய்தவர்கள். முதலில் செய்த கார்பரேட்டரில் பிஸ்டனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி வைத்திருந்தார்கள் என்று படித்தபோது சிரிப்பு வந்தது, கையில் இருந்த சரக்கை வைத்துச் செய்திருக்கிறார்கள்.

அடியில் ஒரு நட்டு இருக்கும். அதற்கு ஆறு முகம். கீழே இறக்கினால் பெட்ரோல் கூடும், மேலே ஏற்றினால் குறையும். ஒரு முகம் திருப்பினாலே வித்தியாசம் தெரியும். நான் முதல் சனிக்கிழமை இரண்டு முகம் இறக்கினேன். மாறவில்லை. இன்னும் இரண்டு. மறுநாள் இன்னும். பிளக்கைக் கழற்றினால் அடுப்படிச் சுவர் மாதிரி கரி. பிளக் நாலும் புதுசு போட்டேன், காயில் மாற்றினேன், கண்டன்சர் மாற்றினேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினேன் என்பதுதான் கொடுமை, எது என்ன செய்தது என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. இரண்டாவது வாரக் கடைசியில் வண்டி ஐடிலிங்கிலும் நிற்கவில்லை. அது நோய் இல்லை, நான் பார்த்த வைத்தியம்.

மாமாவுக்கு வாட்ஸப்பில் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பிவிட்டு போன் போட்டேன். அவருக்கு எழுபத்தி நாலு வயசு, காது இன்னும் கூர்மை.

"முழுசா மிதிச்சா ஓடுதா மாப்ள?"

"ஓடுது மாமா. பாதி மிதிச்சாத்தான் திக்குது."

"பெட்ரோல் பத்தலைன்னா முழுசா மிதிக்கும்போதுல்ல அதிகமாத் திக்கணும்? கார்பரேட்டர்ல கை வச்சிட்டியா?"

நான் பேசவில்லை.

"வச்சிட்ட. சரி விடு. டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போற வேக்குவம் டியூபைக் கழட்டி, கார்பரேட்டர் பக்கம் ஓட்டையை அடைச்சிட்டு ஓட்டிப் பாரு. கார்பரேட்டர்ல கை வைக்காத மாப்ள, பாதி நேரம் கரண்ட்டுதான் கோளாறு பண்ணும், பழியை கார்பரேட்டர் வாங்கிக்கும்."

டியூபைக் கழற்றி ஓட்டினேன். கரிப்புகை கக்கியது, நான் செய்துவைத்த கோலத்துக்கு அது கக்கத்தானே செய்யும், ஆனால் அந்தத் திக்கல் இல்லை. சுத்தமாக இல்லை.

காரணம் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டர்தான் நாலு பிளக்குக்கும் முறைவைத்து கரண்ட் கொடுப்பது. அதற்குள், ஸ்பார்க்குக்காக கரண்ட்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் சி.பி. பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையக்கூடியது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சமாக மிதிக்கும்போது கார்பரேட்டரிலிருந்து வரும் வேக்குவம் அந்தத் தட்டைச் சில டிகிரி திருப்பி, ஸ்பார்க்கை முன்கூட்டியே விழ வைக்கும். ஐடிலிங்கில் அந்த இழுப்பு இல்லை, முழுசாக மிதித்தாலும் இல்லை. வெளியே இருக்கும் டெர்மினலிலிருந்து பாயின்ட்டுக்குப் போகும் மெல்லிய வயர், தட்டு ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கூடவே வளைந்து நிமிர வேண்டும். ஐம்பது வருஷமாக வளைந்து நிமிர்ந்திருக்கிறது.

மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், வயர் நன்றாகத்தான் இருந்தது. சின்ன இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். வயர் நீண்டது. செம்புக் கம்பி நீளாது இல்லையா? மேலுறை மட்டும் ரப்பர் பேண்ட் மாதிரி நீண்டு, விட்டதும் சுருங்கியது. உள்ளே செம்பு இழை எல்லாம் அறுந்து, முனையும் முனையும் சும்மா தொட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. தட்டு நேராக இருந்தால் தொடும், திரும்பினால் விலகும். இவ்வளவுதான் நோய். இந்தக் கார்களின் வயரிங்கைப் பற்றி இங்கிலாந்தில் சொல்லாத கிண்டல் இல்லை, மின்சாமான் செய்த லூகாஸ் கம்பெனிக்கு இருட்டின் இளவரசன் என்றே பட்டப்பெயர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு குறைவு. ஒரு வயர் ஐம்பது வருஷம் வளைந்த பிறகு அறுந்தால் அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, நானே ஐம்பதைத் தொடப்போகிறேன்.

புது வயர் வைத்து, பாயின்ட் இடைவெளியை 15 தௌ-வுக்கு வைத்தேன். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இந்த வண்டியோடு பழகினால் மில்லிமீட்டர் மறந்துவிடும். அப்புறம் நான் கெடுத்த கார்பரேட்டரைச் சரிசெய்ய வேண்டும். இரண்டு நட்டையும் முழுசாக மேலே ஏற்றி, அங்கிருந்து பன்னிரண்டு முகம், அதாவது சரியாக இரண்டு சுற்று இறக்கி ஆரம்பித்தேன். இன்ஜினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, கார்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன பின்னை விரலால் மேலே தள்ளினால் பிஸ்டன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்கும். இன்ஜின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இறங்கி அணையப் பார்த்தால் குறைவு. லேசாக ஏறி, பழைய இடத்துக்கே வந்தால் சரி. படிக்க சுலபமாக இருக்கிறதா? இரண்டு கார்பரேட்டர், ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கோபித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே அளவு காற்று இழுக்கிறதா என்று பார்க்க தனிக் கருவி விற்கிறார்கள், நான் ஒரு மீட்டர் ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்து உஸ்ஸ் சத்தத்தை ஒப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

கையோடு டேப்பட்டையும், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், பார்த்துவிட்டேன். எட்டு வால்வு, இன்ஜின் ஆறியிருக்கும்போது 15 தௌ. ஒன்பதுக் கணக்கு என்று ஒன்று உண்டு: எட்டாவது வால்வு முழுசாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதை அட்ஜஸ்ட் பண்ண வேண்டும், ஏழு திறந்திருந்தால் இரண்டு, எப்போதும் கூட்டுத்தொகை ஒன்பது. வண்டியை டாப் கியரில் போட்டு முன்னும் பின்னும் அங்குலம் அங்குலமாகத் தள்ளுவது என் மகளின் வேலை, கணக்குச் சொல்வதும் அவளே. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை உருவும்போது கனமான புத்தகத்துக்கு அடியிலிருந்து பேப்பரை இழுக்கிற மாதிரி ஒரு பிடிப்பு இருக்க வேண்டும். முதல்தடவை இதைச் செய்தபோது சத்தம் வரக்கூடாதென்று இறுக்கி வைத்திருந்தேன். "டேப்பட் கொஞ்சம் தட்டட்டும் மாப்ள, சத்தமே இல்லாம இருந்தாத்தான் பயப்படணும், வால்வு கருகிரும்" என்று மாமா அப்போதே போனில் ஏசினார். இறுக்கமாக இருந்தால் வால்வு முழுசாக மூடாது, மூடாவிட்டால் சூடு இறங்க வழியில்லை, அவ்வளவுதான் அதன் கணக்கு.

ஸ்பேனரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த வண்டி முழுக்க அங்குல நட்டு. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், ஆகவே 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போய் உட்காரும், திருப்பவும் செய்யும், இறுகிப்போன நட்டாக இருந்தால் மூலையை மழுக்கிவிட்டு வழுக்கும். எனக்கு முன்னால் வைத்திருந்த புண்ணியவான் ஒருவர் வண்டி முழுக்க இந்தத் திருப்பணியைச் செய்திருக்கிறார். அடியில் படுத்து, கண்ணில் துரு விழ, மழுங்கிய நட்டோடு மல்லுக்கட்டும்போது அவருக்கு நான் செய்யும் அர்ச்சனையை இங்கே எழுத முடியாது.

பெட்ரோல் ஓஸையும் மாற்ற வேண்டியிருந்தது. 2021 செப்டம்பரிலிருந்து இங்கே சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள், பழைய ரப்பர் அதைத் தாங்காது, வெடித்துக் கசியும். வீட்டுக்குள் பெட்ரோல் வாடை வருகிறது என்று மனைவி மூன்று நாள் சொன்ன பிறகுதான் போய்ப் பார்த்தேன். எத்தனாலைத் தாங்கும் ஆர்9 என்று அச்சிட்ட ஓஸாக வாங்கிப் போட்டேன், இப்போது எத்தனால் குறைவான சூப்பர் பெட்ரோல்தான் ஊற்றுகிறேன். சாவியைத் திருப்பியதும் பின்னாலிருந்து பெட்ரோல் பம்ப் டக் டக் டக் என்று அடித்து, கார்பரேட்டரின் பெட்ரோல் கிண்ணம் நிறைந்ததும் தானாக நிற்க வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ கசிகிறது அல்லது காற்று இழுக்கிறது. அந்தச் சத்தத்தைக் கேட்காமல் நான் செல்ஃப் அடிப்பதில்லை.

நாற்பது வயசு தாண்டிய வண்டிக்கு 2018-லிருந்து வருடாந்திரச் சோதனை கட்டாயமில்லை. இருந்தாலும் நான் காட்டிவிடுகிறேன், என் கண்ணுக்கு நான் செய்த வேலையின் குறை தெரியாது. போன வருஷம் காட்டியபோது இடதுபக்கக் கதவுக்குக் கீழே இருக்கும் சில்லை ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு, "இதைக் கவனித்துக்கொள்" என்று மட்டும் சொன்னார்கள். இந்த வண்டிக்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது, வண்டியின் முதுகெலும்பே அந்தச் சில் பெட்டிதான், அது துருப்பிடித்தால் பட்டி பார்த்து பெயின்ட் அடித்து மறைக்கிற காரியம் இல்லை, வெட்டி எடுத்து வெல்டிங் செய்ய வேண்டும். குளிர்காலத்தில் ரோட்டில் உப்பு போடுகிற ஊர் வேறு.

நேற்று வண்டியைக் கழுவிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனேன். டங், டங், டங். பின் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் டொப். திரும்பவும் தட்டினேன், டொப். ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து முனையால் குத்திப் பார்த்திருக்க வேண்டும். ஜூன் மாசம், வெயில் வேறு அடித்துக்கொண்டிருந்தது, வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.