500 மண்வாரிகள், 10 சென்டிமீட்டர்

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று நாம் ஏளனமாகச் சொல்வதையே ஒரு கலைஞர் தம் படைப்பின் கொள்கையாக வைத்துக்கொண்டார். 2002 ஏப்ரல் 11 அன்று, பெரு நாட்டின் தலைநகரான லிமாவை ஒட்டிய வென்டனீயாவில், ஏறத்தாழ 500 மீட்டர் அகலமுள்ள ஒரு மணற்குன்றின் அடிவாரத்தில் 500 பேர் மண்வாரிகளுடன் ஒரே வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவரும் காலடி மணலை அள்ளி முன்னே வீசி, ஓர் அடி நகர்ந்து, மீண்டும் அள்ளி, இப்படியே குன்றின் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினார்கள். அன்றைய உழைப்பில் குன்று சுமார் 10 சென்டிமீட்டர் நகர்ந்ததாகக் கணக்கு. 'நம்பிக்கை மலைகளை நகர்த்தும்போது' என்பது இந்த நிகழ்த்துகலையின் பெயர்.

இதைத் திட்டமிட்ட பிரான்சிஸ் அலீஸ் பெல்ஜியத்தில் பிறந்து மெக்சிகோவில் குடியேறியவர், கட்டடக்கலை பயின்றவர். 2000 அக்டோபரில், கலை விமர்சகர் குவாத்தெமோக் மெதினாவுடன் அவர் லிமாவுக்கு வந்தபோது, பெரு அதிபர் ஃபுஜிமோரியின் பத்தாண்டு ஆட்சி ஆட்டம் கண்டிருந்தது. உளவுத்துறையை ஆட்டிவைத்த மொன்டெசினோஸ் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு லஞ்சம் கொடுக்கும் காணொளி செப்டம்பரில்தான் தொலைக்காட்சியில் வெளியாகியிருந்தது, தெருவெங்கும் போராட்டங்கள். நவம்பரிலேயே ஃபுஜிமோரி ஜப்பானில் இருந்துகொண்டு ஃபேக்ஸ் வழியாகப் பதவி விலகினார். அப்படிப்பட்ட நேரத்தில் ஓவியமோ சிற்பமோ ஒப்புக்குச் செய்ததாகவே இருக்கும் என்றும், காவியத்தன்மையும் அபத்தமும் ஒருங்கே கொண்ட ஒரு செயலே அந்தச் சூழலுக்கு ஈடுகொடுக்கும் என்றும் அலீஸ் கருதினார். லத்தீன் அமெரிக்க நாடுகளில் பெருமுயற்சியுடன் தொடங்கிய சீர்திருத்தங்கள் அரை அங்குலமும் நகராமல் நிற்பதைக் கண்ட எவருக்கும் அந்த 10 சென்டிமீட்டரின் குத்தல் புரியும்.

இந்நிகழ்வைப் பதிவுசெய்த ஆவணப் படத்தில் என்னை ஈர்த்தது குன்றல்ல, வரிசைதான். வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். யாருக்கும் கூலி இல்லை. தொலைவிலிருந்து பார்த்தால் வெள்ளைச் சட்டைகள் குன்றின்மேல் சீப்பின் பற்களைப் போல மெல்ல ஊர்கின்றன. அருகில் போனால் புழுதி கண்ணை மறைக்கிறது. அள்ளிய மணலில் பாதி சரிந்து அள்ளியவரின் காலிலேயே விழுகிறது. சரிவு செங்குத்தாகும் இடங்களில் வரிசை வளைந்து நெளிகிறது. ஆனாலும் பக்கத்தில் நிற்பவர் அள்ளுகிறாரே என்பதற்காகவே ஒவ்வொருவரும் அள்ளுகிறார்கள். உழைப்பின் பயன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மனிதரைக் கட்டிவைப்பது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

நிலத்தையே ஊடகமாகக் கொண்டு படைக்கும் நிலக்கலை என்றதும் நினைவுக்கு வருவது, அமெரிக்காவின் யூட்டா மாநில உப்பு ஏரியில் ராபர்ட் ஸ்மித்சன் 1970இல் லாரிகளையும் இயந்திரங்களையும் கொண்டு அமைத்த சுருள்வடிவக் கற்கரை. ஆளரவமற்ற வெளியில் தனியொருவரின் முத்திரையைப் பதிக்கும் மரபு அது. வென்டனீயா வெற்றுவெளி அல்ல. 1980களிலும் 90களிலும் உள்நாட்டுப் போருக்கும் வறுமைக்கும் தப்பி மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் நாணல் தட்டிகளால் குடிசை போட்டுக்கொண்ட மணற்பரப்பு அது. குடிநீர்க் குழாய்கூட எட்டிப் பார்க்காத பகுதிகள் அங்கே இருந்தன. ஆகவேதான் அலீஸ் தம் முயற்சியை நிலமற்றவர்களுக்கான நிலக்கலை என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு நெருடுகிறது. மணலோடு நாளும் மல்லுக்கட்டும் குடியிருப்பு மக்கள் வரிசையில் பெரும்பான்மை இல்லை. அவர்களைக் கூலி கொடுத்து அழைத்திருந்தால் அது இன்னொரு நாள் வேலையாகியிருக்கும். கூலியின்றி அழைத்திருந்தால் சுரண்டலாகியிருக்கும். எனவே, ஒரு நாளை வீணாக்கும் வசதி படைத்த மாணவர்களை அழைத்தது நேர்மையான முடிவென்றே படுகிறது. ஆனால் படப்பதிவு இன்று நியூயார்க்கின் குக்கன்ஹைம் அருங்காட்சியகச் சேகரிப்பில் இருக்கிறது. நிலமற்றவர்களைப் பற்றிய கலை என்று இதைச் சொன்னால் ஒப்புக்கொள்வேன். நிலமற்றவர்களுக்கான கலை என்ற உரிமைகோரலை, அவர்கள் வரிசைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருக்கும்வரை, என்னால் ஏற்க முடியவில்லை.