பின் இடது

2022 ஏப்ரல் 5, செவ்வாய்

தீக்குச்சியை ஓட்டோ ரயரின் தவாளிப்புக்குள் குத்திப் பார்த்தேன். மருந்து முனை பாதிதான் மறைகிறது. பின் இடது. முன்னும் பின் வலதும் இன்னும் முழு முனையையும் விழுங்குகின்றன. ஸ்பெயரைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் சரியில்லை. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்தமாக்குகிற மெஷினுக்கு யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். போக 27 கிலோமீற்றர், வர 27. சுற்றுப்பாதையையும் சேர்த்து 55.

ஏப்ரல் 8, வெள்ளி

அம்மாவுக்குப் போன தடவையைவிட இரண்டரைக் கிலோ கூட, எல்லாம் உடம்பில் நிற்கிற தண்ணீர். "தண்ணி குடிச்சனீங்களோ?" என்று கேட்டேன். "ஐஸ்கட்டி ரெண்டு சூப்பினனான், வேற ஒண்டுமில்லை" என்றார். கரண்ட் இல்லாத வீட்டில் ஐஸ்கட்டி எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 12, செவ்வாய்

வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்டமாட்டோம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. அம்மா மெஷினில் இருந்த நாலு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தில் ஆறு ரயர் கடை ஏறி இறங்கினேன். 4.00-8 என்று வாயெடுக்கும்போதே தலையை ஆட்டுகிறார்கள். 2020இல் வெளிநாட்டு ரயருக்குக் கட்டுப்பாடு வந்ததில் இருந்தே இழுபறிதான், இப்போது உள்ளூர் ரயரும் இல்லை. ஒரு கடையில் ஒற்றை ரயர் தொங்கியது. போன வருச விலையைப்போல மூன்று மடங்கு. கடனுக்குத் தருவீர்களா என்று கேட்டேன். "நாடே கட்டாதாம், நீர் கட்டுவீரோ?" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

பிறகு பக்கச்சுவரைத் தடவிப் பார்த்தேன். 1618. 2018ஆம் ஆண்டின் பதினாறாவது கிழமை செய்தது. நாலு வருசம் எங்கேயோ வெயிலில் கிடந்திருக்கிறது. வளைத்தால் மயிர்போல வெடிப்புகள் தெரிகின்றன. அதைத்தான் புதுசு என்கிறார். வீணாகச் சிரித்துவிட்டேன்.

ஏப்ரல் 14, வியாழன்

வருசப்பிறப்பு. ஓடவில்லை. அம்மா கைவிசேடம் நூறு ரூபாய் தந்தார்.

ஏப்ரல் 20, புதன்

பெற்றோல் லீற்றர் 338 ரூபாய். போன மாதம் 254 என்றபோது வயிற்றில் அடித்துக்கொண்டோம். இப்போது 254 நல்ல காலம்.

ஏப்ரல் 23, சனி

எனக்கு ஒரு விசர்க்குணம். ரயரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தேனே தவிர, எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்கவில்லை. இன்றைக்குத்தான் குந்தியிருந்து பார்த்தேன். நடுவில் கோடு வடிவாக இருக்கிறது. இரண்டு ஓரமும் வழித்துவிட்டதுபோல மொட்டை. பஞ்சர் ஒட்டுகிற அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் ரயரைப் பார்க்கவே இல்லை. கேஜை வைத்தார். 21. முப்பதுக்கு மேலே நிற்க வேண்டியது.

"எப்ப காத்துப் பார்த்தனீர்?"

"கிழமைக்கு ஒருக்கா பார்ப்பன் அண்ணை."

"எதால?"

காலால். எல்லாரும் காலால்தான் உதைத்துப் பார்க்கிறோம். அவர் எச்சிலைத் தொட்டு வால்வின் வாயில் வைத்தார். கொஞ்சநேரம் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவு ஒரு குமிழி ஊதி, உடைந்து, திரும்ப ஊதியது. எத்தனை மாதமாக இந்தக் குமிழி ஊதிக்கொண்டிருந்ததோ. வால்வின் உள்ஊசி ஒன்று மாற்றினார். ரயர் விலையோடு பார்த்தால் அது காசே இல்லை. காற்று சும்மா கிடைக்கிறது, நான் அதற்குப் பதிலாக இறப்பரைச் செலவழித்திருக்கிறேன்.

பின் இடதை முன்னுக்கு மாற்றிப் போடுவோமா என்று கேட்டேன். அளவு ஒன்றுதானே. திட்டினார். "முன்னுக்கு ஒத்தைச் சில்லு. அது வெடிச்சா ஹாண்டில் கையில இருக்காது. நல்லது முன்னுக்குத்தான் நிக்கோணும்."

ஏப்ரல் 26, செவ்வாய்

அம்மாவை வலப்பக்கம் தள்ளி இருக்கச் சொன்னேன். ஏறி இறங்குவது இடப்பக்கத்தால், அதனால் அவர் எப்போதும் ஏறின இடத்திலேயே இருந்துவிடுவார். "ஏன் தம்பி, இஞ்சால வெயிலே?" என்றார். ஓம் என்றேன்.

மே 7, சனி

பழைய ரயர்கள் இரண்டை ரீபில்டுக்குக் கொடுத்தேன். கோழிக்கூட்டுக்குப் பின்னால் மழைத்தண்ணீர் பிடித்துக் கிடந்தவை. நுளம்புக்காரர்கள் கண்டிருந்தால் தண்டம். அண்ணை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே விரலால் ஒவ்வொரு அங்குலமாகத் தடவினார். நூல் அறுந்திருந்தால் சரிவராது, விளிம்புக் கம்பி கறள் பிடித்திருந்தாலும் சரிவராது. மேலே போடுவது புது இறப்பர், ஆனால் பாரம் தாங்குவது பழைய உடம்பு.

எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். வேலை செய்கிற இடத்தில் கரண்ட் எப்போது வரும் என்று தெரிந்தால் சொல்வாராம். சூட்டில் அமத்தி அவித்து எடுக்க வேண்டிய வேலை. பாதியில் கரண்ட் போனால் மேல் இறப்பர் உடம்போடு ஒட்டாது. பார்க்க நல்ல ரயராகத்தான் இருக்கும், நூறு கிலோமீற்றரில் தோல் உரிந்துவிடும். அதற்குப் பயந்து ஒரேயடியாகக் கரண்ட் கிடைக்கிற நாளுக்குப் பார்த்திருக்கிறார்கள்.

மே 10, செவ்வாய்

நேற்றுப் பிரதமர் பதவி விலகினார். ஊரடங்கு. அம்மாவின் கிளினிக் கொப்பியைக் கண்ணாடியில் செருகிக்கொண்டு போனேன். இரண்டு இடத்தில் மறித்துக் கொப்பியைப் பார்த்துவிட்டு விட்டார்கள். வல்லைவெளியில் காற்றும் நாங்களும் மட்டும். அவ்வளவு வெறும் வீதியில் எனக்குக் கேட்டது பின் இடதின் சத்தம்தான்.

மே 24, செவ்வாய்

பெற்றோல் 420. அம்மா ஒன்றரைக் கிலோதான் கூட. நேர்ஸ் பாராட்டினாவாம். நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

ஜூன் 5, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தம்பி மண்ணெண்ணெய் கலந்து ஓடுகிறான். எஞ்சின் அவனுடையது, அதைப் பற்றி நான் கதைக்கவில்லை. ஆனால் ஊற்றும்போது சிந்தினது சில்லில் வழிகிறது. எண்ணெய் பட்டால் இறப்பர் ஊதிப் பஞ்சுபோல ஆகிவிடும் என்று சொன்னேன். "அண்ணை, உங்களுக்கு ரயர்ப் பைத்தியம்" என்றான்.

ஜூன் 17, வெள்ளி

அம்மாவைக் கொண்டுபோய்க் கொண்டுவந்துவிட்டு, ஓட்டோவைத் திரும்பப் பெற்றோல் வரிசையில் விட்டேன். இடத்தைப் பின்னால் நின்றவர் பிடித்து வைத்திருந்தார். எல்லாரும் எஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளுகிறார்கள். நின்ற இடத்தில் ஹாண்டிலை முறிக்கிறார்கள், தாரில் முன்சில்லு கறகறவென்று உரசுகிறது. எனக்குப் பல் கூசுகிறது. கொஞ்சம் உருளவிட்டு முறித்தால் என்ன?

ஜூன் 18, சனி

இரவும் வரிசையில்தான். எனக்கு முன்னால் ஒரு கேகாலைக்காரர். சாமான் ஏற்றிவந்த சின்ன லொறி, திரும்பிப் போக எண்ணெய் இல்லை. எனக்கு அரைச் சிங்களம், அவருக்குக் கால் தமிழ். தம்பிக்குச் சிங்களத்தில் "மல்லி", அப்படிக் கூப்பிட்டு வெற்றிலை தந்தார். வீட்டில் ஒரு ஏக்கர் இறப்பர் இருக்கிறதாம். நான் ஒரேயடியாகக் கேட்டுவிட்டேன். மரம் உங்கள் வீட்டில், ரயர் ஏன் என் வீட்டில் இல்லை? பள்ளிக்கூடத்தில் படித்தது ஞாபகம் வந்தது. 1876இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் நட்ட கன்றுகளில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. அந்த நாட்டில் நான் தீக்குச்சியோடு நிற்கிறேன்.

அவர் சில்லைத் தட்டிக் காட்டினார். பால் எங்களது. இந்தக் கறுப்பு, இறப்பரில் கலக்கிற கரித்தூள், வெளிநாட்டில் இருந்து வர வேண்டும். உள்ளே இருக்கிற நூலும் கம்பியும் வெளியில் இருந்து. கறுப்பு இல்லாமல் வெறும் பாலில் செய்தால் அழிறப்பர்போலத் தேய்ந்து போகும். அதற்கு டொலர் வேண்டும். பாலும் இப்போது குறைவாம். போன வருசம் உரத்தை நிறுத்தினார்கள், அதற்கு முதலே இலையில் நோய் விழுந்து மரம் மொட்டையாக நின்றது, மழை நாளில் வெட்டவும் முடியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு என் பின் இடதைப் பார்த்து "அப்போய்" என்றார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

விடிய ஐந்தரைக்குப் பெற்றோல் கிடைத்தது.

ஜூன் 27, திங்கள்

இன்றில் இருந்து ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும்தான் எண்ணெய். நேற்று 470 ஆக்கினார்கள், இன்று அந்த விலைக்கும் இல்லை. தாங்கியை ஆட்டிப் பார்த்தேன். இரண்டு தடவை போய்வரலாம். கவனமாக ஓடினால்.

ஜூலை 1, வெள்ளி

வல்லையில்தான் போனது. வேறெங்கே போகும். திரும்பி வரும்போது, பாலம் தாண்டிக் கொஞ்சத்தூரம். சத்தமில்லை, வண்டி மெதுவாக இடப்பக்கம் சரிந்து குந்தியது. மெஷினால் வந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும், இறக்க முடியாது. அவரை வைத்துக்கொண்டே ஜக்கைக் கொடுத்தேன். ஓட்டோச் சில்லு இரண்டு பாதியாக வந்து ஆணி போட்டு இறுக்கினது. மிச்சக் காற்றை முழுக்க இறக்காமல் அந்த ஆணியைக் கழற்றினால் பாதி மூஞ்சைக்கு வரும். கை நடுங்கினாலும் அது ஞாபகம் இருந்தது.

ஸ்பெயரைப் பூட்டினேன். ஸ்பெயர் என்று சொல்கிறேன். நூல் தெரிகிற வட்டம் ஒன்று. வீட்டுக்கு வரும்வரை இருபதுக்கு மேலே ஓடவில்லை. அம்மா சீற்றைப் பிடித்துக்கொண்டு வலப்பக்கம் ஒதுங்கியே இருந்தார், நான் சொல்லாமலே.

ஜூலை 2, சனி

கண்ணாடித் துண்டு. பக்கச்சுவரில் இல்லை, மேல் முகத்தில், சின்னவிரல் நீளம். பக்கச்சுவர் என்றால் அண்ணை தொட்டிருக்கவே மாட்டார். இதையும் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். லொறி ரயரில் இருந்து மெல்லிய ஒரு படையை உரித்து, ஓரத்தைச் சீவி, சொலூசன் பூசி உள்ளே ஒட்டுவது. அது நகராமல் இருக்க நாலு தையல். குத்தூசி இல்லை என்றார். என்னிடம் இருந்தது.

அப்பாவின் குத்தூசி. சண்டைக் காலத்தில், கிளாலிக் கடலால் சாமான் வந்தபோது சைக்கிள் ரயர் தைத்தது. மூட்டை ஏற்றி ஏற்றி வாய் பிளந்த ரயரைக் கடப்பில் இருந்து தங்கூசியால் தைத்துக்கொண்டிருப்பார். நான் ஜாம்போத்தல் விளக்கைப் பிடிப்பேன். ஒரு ரயரில் இருபத்தாறு தையல் எண்ணியிருக்கிறேன். ஓடும்போது தையல் நிலத்தில் பட்டுத் தட்டும், டக் டக் என்று. படலைக்குள் வர முதலே அப்பா வருகிறார் என்று தெரியும். அம்மா அடுப்பை மூட்டுவார்.

அண்ணைக்கு இதைச் சொன்னேன். "அது சைக்கிள், இது ஆள் ஏத்துற வண்டி. ரீபில்ட் வருமட்டும் மட்டும்தான்" என்றார்.

ஜூலை 5, செவ்வாய்

போகவில்லை.

ஜூலை 6, புதன்

அம்மாவின் காலில் விரல் வைத்து அமத்தினேன். பள்ளம் நின்றது. மூடுவதற்குள் பதினேழு எண்ணினேன்.

ஜூலை 7, வியாழன்

ரயர்ப் பைத்தியம் என்று சொன்ன தம்பி தன் மோட்டார் சைக்கிளில் இருந்து இரண்டு லீற்றர் இறக்கித் தந்தான். சுத்தப் பெற்றோல், மண்ணெண்ணெய் கலக்காதது, இதற்கென்றே வைத்திருந்தானாம். சிந்தாமல் ஊற்றினான்.

ஜூலை 8, வெள்ளி

போனோம். நாலரைக் கிலோ. திட்டு விழுந்தது, எனக்கும் சேர்த்து.

ஜூலை 9, சனி

ஜனாதிபதி மாளிகையில் சனம் நீச்சல் தடாகத்தில் குளிக்கிறது. அம்மாவுக்குப் போனில் காட்டினேன். "எவ்வளவு தண்ணி" என்றார்.

ஜூலை 14, வியாழன்

ஜனாதிபதி விலகிவிட்டாராம். வெடி கேட்டது. நான் வால்வில் எச்சில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். குமிழி இல்லை.

ஜூலை 17, ஞாயிறு

பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் பதிவு செய்தாயிற்று. ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். கணக்குப் போட்டேன். அம்மாவுக்கு மட்டும் நாலு. மிச்சம் ஒரு லீற்றரில் சம்பாதித்து ரயர் வாங்க வேண்டும். பெற்றோல் இருபது ரூபாய் குறைந்து 450 என்று ஆளாளுக்குச் சந்தோசமாகச் சொல்கிறார்கள்.

ஜூலை 19, செவ்வாய்

தைத்த ரயரைப் பின் வலதுக்கு மாற்றினேன். இப்போது அம்மா இடப்பக்கம் இருக்கலாம். நான் இன்னும் சொல்லவில்லை, அவர் பழக்கத்தில் வலப்பக்கமே ஒதுங்குகிறார். மெதுவாக ஓடினால் கேட்கிறது. டக். டக்.

ஜூலை 25, திங்கள்

அண்ணை கோல் எடுத்தார். கரண்ட் தொடர்ந்து நின்றதாம், ரீபில்ட் வந்துவிட்டது. ஒன்றுதான். மற்றதை அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள், உள்ளே கம்பி கறள். ஒன்று என்றால் எதற்குப் போடுவது, பின் வலதுக்கா, ஸ்பெயருக்கா? நாளைக்கு அம்மாவை மெஷினில் விட்டுவிட்டு வந்து எடுப்பது என்றால் இன்னும் ஒரு 55. இன்றைக்கே நடந்துபோய் எடுத்துக்கொண்டு வரலாம். உருட்டிக்கொண்டு வந்தால் தேயாது, தோளில்