நடுரோட்டில் ஒரு நாற்காலி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு வரை எங்கள் தெருவில் வண்டி கிடையாது என்று முடிவாயிற்று. அனுமதி வாங்கிய கதையை விடுங்கள், அது பெரிய கதை. எனக்கு வந்த வேலை, தெருமுனைத் தடுப்புக்குப் பக்கத்தில் நிற்பது. "அடுத்த தெரு வழியா சுத்திப் போங்க" என்று சொல்லிச் சொல்லிப் பதினோரு மணிக்கே தொண்டை கட்டிவிட்டது.

தெருக்காரர்களே வெளியே போக வேண்டுமென்றால்? அதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து வழியைப் பின்பற்றினோம். 2009ல் அங்கே இரண்டு தாய்மார்கள் பிள்ளைகள் விளையாடத் தங்கள் தெருவை மூடினார்கள். அது அப்படியே பல ஊர்களுக்குப் பரவியது. தெருவாசியின் கார் என்றால் தடுப்பில் நிற்பவர் முன்னால் நடப்பார், கார் அவர் நடைக்குப் பின்னால் ஊரும். நானும் நாலு கார்களுக்கு முன்னால் அப்படி நடந்தேன். கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஏற்பாட்டுக் கூட்டத்தில் பெரிய சண்டை மேடைக்காகத்தான். மேடை, ஒலிபெருக்கி, நிமிடத்துக்கு நிமிடம் நிகழ்ச்சி என்று ஒரு கட்சி. எதுவும் வேண்டாம், ரோட்டை சும்மா விட்டாலே போதும் என்பது என் கட்சி. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1974ல் தொடங்கிய சிக்லோவியா என்ற ஏற்பாடு இன்றும் ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலையைக் கார்களிடமிருந்து வாங்கித் தருகிறது. அங்கேயும் ஆடவும் உடற்பயிற்சி செய்யவும் இடம் உண்டு, ஆனால் ஜனம் முக்கியமாக வருவது சாலைக்காகத்தான். கடைசியில் ஒரு சின்ன ஒலிபெருக்கிக்கு ஒப்புக்கொண்டேன். பத்து மணிக்கு அது தானாகவே படுத்துவிட்டது. நான் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக.

அப்புறம்தான் பேச்சுச் சத்தமே காதில் விழுந்தது. நாலாவது வீட்டு அம்மா, அதுவரை எனக்கு ஜன்னலில் தெரியும் முகம் மட்டும்தான், நாற்காலியை இழுத்துவந்து சரியாக நடுரோட்டில் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, இருபது வருஷமா இந்த ரோட்டைத் தாண்டியிருக்கேன், ஒரு நாள் நின்னதில்ல" என்றார். எதிர்வீட்டுக்காரர் தன் நாற்காலியோடு வந்தார். கொஞ்ச நேரத்தில் ஏழு நாற்காலி.

1969ல் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை ஆராய்ந்தார். நாளுக்கு 2,000 வண்டி போகும் தெருவில் ஒருவருக்கு அதே தெருவில் சராசரியாக மூன்று நண்பர்கள், 16,000 வண்டி போகும் தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை. எப்போதோ படித்தது. அந்த ஏழு நாற்காலிகளைப் பார்த்தபோது ஞாபகம் வந்தது.

ஒரே ஒரு குறை. யாரோ வெளியூர் போனவருடைய கார் தெருவின் நடுப்பகுதியில் ஓரமாக நின்றுகொண்டே இருந்தது. தொலைபேசியிலும் பிடிக்க முடியவில்லை. பிள்ளைகள் சாக்பீஸால் அதைச் சுற்றிக் கோடு போட்டார்கள், பிறகு அதன் நிழலுக்கும். அரை மணி கழித்துப் பார்த்தால் நிழல் நகர்ந்திருந்தது, மறுபடி வேறு நிறத்தில் ஒரு கோடு. இரண்டு மணிக்குள் பதினோரு நிழல், ஒன்றின்மேல் ஒன்றாக. நேரம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு சிறுமி காரைக் காட்டினாள்.

ராத்திரி கார்க்காரர் வந்து வண்டியை எடுத்துப் போயிருக்கிறார். மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தேன், கார் இல்லை, பதினோரு நிழலும் அங்கேயே கிடந்தன. வண்டிகள் அதன்மேல் ஏறித்தான் போயின.