கொரோனா சுகமான பிறகு வந்த காய்ச்சல்

26.09.2021, ஞாயிறு

தம்பிக்கு நேற்று முதல் காய்ச்சல். இன்று 39 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. ஆகஸ்ட் கடைசியில் கொரோனா தொற்றி, வீட்டிலேயே தனித்திருந்து சுகமாகி, திருகோணமலையில் எங்கள் திருக்கடலூர்க் கரைக்கு மறுபடியும் மீன்பிடித் தொழிலுக்குப் போகத் தொடங்கியிருந்தான். இருமல் இல்லை, மூச்சு முட்டலும் இல்லை, வயிற்றுவலியும் வயிற்றோட்டமும்தான். 2017இல் பக்கத்து ஊரான கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டைக் கண்ட எங்களுக்குக் காய்ச்சல் என்றதும் டெங்குதான் முதலில் மனதில் வரும். பக்கத்து வீட்டு மாமி பப்பாசி இலைச் சாறு இடித்துக்கொண்டு வந்துவிட்டார்.

28.09.2021, செவ்வாய்

காலையில் அவனுடைய கண்கள் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. கண்நோய் என்றால் பீளை கட்டி இமை ஒட்டிக்கொள்ளும். இவனுக்குப் பீளை துளியும் இல்லை, வெறும் சிவப்பு மட்டும். நெஞ்சிலும் கைகளிலும் தடிப்புகள் வேறு. எழுந்து நின்றவன் தலைசுற்றி உட்கார்ந்ததும் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

குருதி அமுக்கம் 84/50. குருதிச் சிறுதட்டு 96,000. இரண்டுமே குறைவு. டெங்கு என்றே படிவத்தில் எழுதி, குடிப்பதையும் சிறுநீரையும் மில்லிலீற்றரில் குறிக்கும் தாளைக் கட்டில் காலில் கட்டிவிட்டார்கள். அன்டிஜன் சோதனையில் கொரோனா இல்லை என்று வந்ததால், அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது போலிருந்தது.

29.09.2021, புதன்

டெங்குவுக்கான என்எஸ்1 சோதனையிலும் ஒன்றுமில்லை. டெங்குவில் பொதுவாக வெண்குருதிக் கலங்கள் குறையும். இவனுக்கோ அவை கூடியிருந்தன. அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. 10க்குள் இருக்க வேண்டியது, 240ஐத் தாண்டியிருந்தது. எலிக்காய்ச்சலா, குருதியில் கிருமித் தொற்றா என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பொது வைத்திய நிபுணர் வந்தார். "தம்பி, உங்களுக்குக் கொரோனா எப்போது வந்தது?" என்பதே அவருடைய முதற்கேள்வி. வந்ததா என்று கேட்கவில்லை, எப்போது என்றே கேட்டார். அந்த வித்தியாசம் எனக்கு உடனே உறைத்தது. ஆகஸ்ட் 27ஆம் திகதியின் பிசிஆர் குறுஞ்செய்தியைத் தொலைபேசியில் தேடி எடுத்துக் காட்டினோம். உடனே எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கான், எடுக்கச் சொன்னார். ஒரு துடிப்பில் இடது இதயவறையிலிருந்து பாதிக்கு மேற்பட்ட குருதி வெளியேற வேண்டும். இவனுக்கு 35 வீதம்தான் வெளியேறியது.

கொரோனாவுக்குப் பின் வரும் ஓர் அழற்சி இதயத்தைத் தாக்கியிருக்கிறது என்றார். அதன் பிறகு முதலில் செய்தது சேலைனைக் குறைத்ததுதான். டெங்குவில் குருதிக்குழாய்களிலிருந்து நீர் கசிவதால், அமுக்கம் விழும்போது திரவம் ஏற்றித்தான் ஆளைக் காப்பாற்றுவார்கள். இதயத் தசையே வீங்கித் தளர்ந்திருக்கும் ஒருவருக்கு அதே அளவு திரவத்தை ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். டெங்கு பார்த்துப் பழகிய எங்களூரில் இந்த நோய் மற்ற இடங்களைவிட ஆபத்தானதாக இருப்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

01.10.2021, வெள்ளி

இன்று ஊரடங்கு நீங்கியது. தெருவில் சத்தம் கூடியிருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் தம்பிக்கு மெதைல்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டும், நாளத்தின் வழியே இம்யூனோகுளோபியூலின் என்ற எதிர்ப்புப் புரதமும் கொடுக்கிறார்கள். நோயின் பெயர் எம்.ஐ.எஸ்.-ஏ, அதாவது வயதுவந்தோரில் பல உறுப்புகளை ஒருங்கே தாக்கும் அழற்சி. விஞ்ஞானம் படிப்பிப்பவள் என்பதால் வைத்தியர் எனக்குச் சற்று விரிவாகவே சொன்னார். தொற்று ஆறி இரண்டு முதல் ஐந்து கிழமைகளுக்குள், சிலருக்கு அதற்கும் பிந்தி, நிர்ப்பீடனத் தொகுதி (நோயெதிர்ப்புத் தொகுதி) அளவுமீறித் தூண்டப்பட்டு, இதயம், குடல், தோல், குருதிக்குழாய்கள் என்று உடலின் சொந்த உறுப்புகளிலேயே அழற்சியை மூட்டுகிறது. அப்போது மூக்கில் வைரசு இல்லாமலே போகலாம். ஆகவே அன்டிஜன் சோதனையில் இல்லை என்று வந்ததை வைத்து இதை ஒதுக்கிவிட முடியாது. முந்திய தொற்றின் அறிக்கையோ பிறபொருளெதிரி (அன்டிபொடி) சோதனையோதான் தடயம்.

மாலையில் காய்ச்சல் விட்டது.

04.10.2021, திங்கள்

2020 ஏப்ரலில் பிரித்தானியாவில் முதலில் சிறுவர்களிடம் கவனிக்கப்பட்ட இந்த அழற்சி பெரியவர்களுக்கும் வரும் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் அதே ஆண்டு ஒக்டோபரில் 27 நோயாளரை வைத்து எழுதியிருக்கிறது. கடந்த மாதம் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் என்ற மருத்துவ இதழில் 221 நோயாளர் பற்றிய தொகுப்பு வந்திருக்கிறது: பத்தில் ஏழு பேர் ஆண்கள், இடைநிலை வயது 21, பாதிக்கு மேற்பட்டோருக்கு இதயப் பாதிப்பு, இறந்தோர் 7 வீதம். அந்தக் கடைசி எண்ணை அம்மாவுக்குச் சொல்லவில்லை. ஆயினும் அரிதான நோய் என்பதையும், கொரோனா வந்த எல்லோரும் இதற்காகப் பயந்து நடுங்கத் தேவையில்லை என்பதையும் சேர்த்தே எழுதிவைக்கிறேன்.

12.10.2021, செவ்வாய்

நேற்று வீட்டுக்கு விட்டார்கள். எக்கோவில் 52 வீதம். ஸ்டீரொயிட்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும், தானாக நிறுத்தக்கூடாது. குறைந்தது மூன்று மாதம் வலை இழுப்பதும் பாரம் தூக்குவதும் கிடையாது. "அக்கா, வாடைக்காற்று தொடங்கினால் எப்படியும் கடலுக்குப் போக ஏலாதுதானே" என்று தம்பி தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொள்கிறான். வள்ளத்தைக் கூட்டாளி பார்த்துக்கொள்கிறார். அடுத்த கிளினிக் நவம்பரில். மறுபடியும் எக்கோ எடுத்த பிறகே மற்றதெல்லாம் பேசலாம் என்றிருக்கிறார்கள்.