ஒரே சூளையில்

இங்கிலாந்தின் ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டுக்கு நாங்கள் வந்தது ஒரு டிசம்பரில். நாலு மணிக்கே இருட்டிவிடும். அவர் மருத்துவமனை வேலைக்குப் போய்விட்டால் நாள் முழுக்கப் பேச ஆளில்லை. புதிதாக வந்தவர்களுக்கான காபிக் கூட்டத்துக்குப் போனேன். வட்டமாக உட்கார வைத்து, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்பார்கள். என் முறை வருவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

இந்த ஊர் மண்பாண்டத்தால் வளர்ந்த ஊர். பேர்பெற்ற குயவர் ஜோசையா வெட்ஜ்வுட் 1759-இல் தொழில் தொடங்கியது இங்கே பர்ஸ்லெமில்தான். ஒரு காலத்தில் புட்டி வடிவச் சூளைகள் 2,000-க்கும் மேல் புகைந்துகொண்டிருந்தனவாம். 1956-இல் காற்று மாசைத் தடுக்கச் சட்டம் வந்தபின் நிலக்கரிச் சூளைகள் ஒவ்வொன்றாக அடங்கின. இன்று 50 கூட மிச்சமில்லை. லாங்டன் பக்கம் பஸ்ஸில் போகும்போது முதல் சூளையைப் பார்த்ததும் மானாமதுரை ஞாபகம் வந்தது. கடம் தட்டும் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். ஆனால் ஒருநாள்கூட மண்ணைத் தொட்டதில்லை.

அந்த ஏக்கத்தில்தான் வாராந்திர மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன். அங்கே யாரும் என்னைப் பற்றிக் கேட்கவில்லை. எல்லார் கையும் மண்ணில் இருந்தது.

ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர். வாய்க்கும் ஓய்வில்லை, கைக்கும் ஓய்வில்லை. பானைச் சுவரை மெலிதாக இழுத்துக் கிழித்துவிட்டு உடனே அடுத்த உருண்டையை எடுப்பார். கணக்காளர் ஒருவர், இரண்டு மணி நேரத்தில் ஒரே கிண்ணம். எரித்திரியாவிலிருந்து வந்த பையன் சக்கரத்தின் பக்கமே வரமாட்டான், மூலையில் மண் கயிறு திரித்து அடுக்கியே பானை எழுப்புவான். இன்னொருவர், தொழிற்சாலையில் காலமெல்லாம் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிய பெரியவர். பேசவே மாட்டார்.

எனக்கோ பயம். பயந்து பிடித்தால் மண் நடுவில் நிற்காது, தள்ளாடும். ஒருநாள் பெரியவர் வந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள் என்று செய்து காட்டினார். கை நின்றது, மண்ணும் நின்றது. சக்கரம் சுற்றுவதே தெரியவில்லை, மேலே ஈரம் மட்டும் மினுங்கியது.

சக்கரத்தில் அவரவர் குணப்படி இருந்துகொள்ளலாம். சூளையில் அது நடக்காது, எல்லார் பாண்டமும் ஒன்றாகத்தான் வேக வேண்டும். என் ஜாடிக்கு அடி தடிமன், உள்ளே சரியாகக் காயவில்லை. யாரிடமும் கேட்காமல் வைத்துவிட்டேன். ஈரம் ஆவியாகி ஜாடி வெடித்தது. சில்லு பட்டுப் பெரியவரின் டீ பாட் மூடி உடைந்தது. மனைவிக்காகச் செய்தது அது.

சூளையைத் திறந்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "விடு டக், மூடிதானே. நீயே ஒன்று செய்து கொடு" என்றார். 'டக்' என்றால் வாத்துதான், ஆனால் இந்த ஊரில் அது நம் 'கண்ணு' மாதிரி.

மூடி லேசான வேலையில்லை. பச்சை மண் காயும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும். எவ்வளவு பெரிதாகச் செய்தால் கடைசியில் சரியாக உட்காரும்? கணக்காளர் ஒரு மண் பட்டையில் 10 செ.மீ. கோடு கீறி, வெந்தபின் அளந்து கணக்குப் போட்டுத் தந்தார். நர்ஸ் அம்மாவுக்கு அதெல்லாம் சரிப்படாது. அரை மணியில் ஐந்து மூடி சுழற்றித் தள்ளினார், ஒன்றாவது பொருந்தட்டும் என்று. நான் கணக்குப்படி இரண்டு செய்தேன். பையன் மண் கயிற்றை முடிச்சுப் போட்டு ஏழுக்கும் குமிழ் வைத்தான்.

பொருந்தியது நர்ஸ் அம்மா செய்ததில் ஒன்று. என்னுடையது இரண்டும் மயிரிழை பெரிது. பெரியவர் மூடியை வைத்து ஒரு சுற்றுத் திருகி, காதருகே கொண்டுபோய்க் கேட்டார். அப்புறம் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவர் மனைவி ஓட்கேக் கொடுத்தனுப்பியிருந்தார். பெயர்தான் கேக், பார்த்தால் நம் கோதுமை தோசையேதான். ஆளுக்கு ஒன்று, மண் கையைக் கழுவிவிட்டு நின்றபடியே சாப்பிட்டோம்.