ராத்திரியில் தாழ்ப்பாள் ஆடினால்

போன வாரம் ராத்திரி 2 மணிக்கு பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டுக் கதவை யாரோ ரொம்ப நேரம் தள்ளிப் பார்த்திருக்கிறார்கள். நான் ஒயிட்ஃபீல்டில் நைட் ஷிப்ட், வீட்டில் அம்மா மட்டும். அரிவாள்மனையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்டா என்று அம்மா சொன்னபோது எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

அம்மாவின் தற்காப்புக்கு வீட்டில் என்ன வைப்பது என்று அதிலிருந்து இதே யோசனைதான். துப்பாக்கி என்றால் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும், கிடைத்தாலும் வீட்டில் வைக்க எனக்கு மனமில்லை. கத்தியோ, வந்தவன் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தால்தான் உதவும், 63 வயது அம்மாவிடமிருந்து அவன் அதைப் பிடுங்க எவ்வளவு நேரமாகும்? பெப்பர் ஸ்பிரேதான் சரி என்று பட்டது, லைசென்ஸ் தேவையில்லை, தள்ளி நின்றே அடிக்கலாம். ஆனால் மூடிய அறையில் அடித்தால் அடித்தவருக்கும் கண் எரியும், இருமல் வரும், அதனால் அடித்ததும் வெளியே ஓடிவிட வேண்டும். எக்ஸ்பயரி தேதியும் பாருங்கள்.

சட்டத்தையும் படித்தேன். பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) 34ஆவது பிரிவின்படி தற்காப்பு குற்றமில்லை, ஆனால் தேவைக்கு மேல் காயப்படுத்தும் உரிமை கிடையாது என்கிறது 37. ஓடுகிறவனைத் துரத்தி வெட்டினால் நம் மேல்தான் கேஸ்.

உண்மையில் ஸ்பிரேயைவிட, கதவுக்குப் புதிதாகப் போட்ட இரும்பு கேட்டும், அவசர உதவி எண் 112ஐ போனில் முதல் நம்பராக வைத்ததும், எதிர்வீட்டு அக்காவிடம் "சத்தம் கேட்டால் லைட் போடுங்க" என்று சொல்லி வைத்ததும்தான் எனக்குத் தைரியம் தருகிறது. அரிவாள்மனை சமையலறைக்குத் திரும்பிவிட்டது. அம்மாவைத் தனியாக விட்டு நைட் ஷிப்ட் போகிறவர்கள் வேறென்ன செய்கிறீர்கள், சொல்லுங்கள்.